ஏழைக்கு ஒன்பது இங்கிலீஷ் சொற்கள்

பிறருக்காகப் பெட்டிசம் என்கிற மனு எழுதிப் பிழைப்பவனுக்கு அடுத்த மேசைக்காரனைப் போன்ற தலைவலி வேறொன்றும் கிடையாது. பேனா பிடித்துக் காலம் தள்ளுகிற நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரே சொல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் கண்டி அரசாங்கக் கச்சேரிக்கு எதிரே, ஒரு கடையின் விறாந்தையில் என் மேசை இருந்தது. எனக்கு அப்போது நாற்பது வயது. ‘புவர்’ என்ற ஒரே சொல்லை வைத்துப் பல வருஷங்கள் ஓட்டியிருந்தேன். கையில் காசில்லாதவனுக்குப் புவர். நோயாளியின் உடம்புக்குப் புவர். விளையாத காணிக்கும் புவர். செத்துப்போனவனைப் பற்றி எழுதினாலும் ‘பாவம், அந்த மனிதன்’ என்ற பொருளில் அதே புவர். எந்தத் துரையும் எனக்கு விளங்கவில்லை என்று திருப்பி அனுப்பியதில்லை.

பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து கந்தையா வந்து, என் மேசைக்கு மூன்றடி தள்ளித் தன் மேசையைப் போட்டான். என்னைவிடப் பத்து வயது இளையவன். தடித்த புத்தகம் ஒன்று வைத்திருந்தான். ஒரு சொல்லைத் தேடினால் அதன் சொந்தபந்தம் முழுவதும் அந்தப் பக்கத்தில் கூடியிருக்கும். எழுதியதை இங்கிலீஷில் ஒரு தரம் உரக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்குவது எங்கள் தொழில் வழக்கம். வந்தவருக்கு விளங்காது, ஆனாலும் காதில் விழ வேண்டும். மடவளையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் வியாபாரி நான் வாசித்ததைக் கேட்டார், கந்தையா வேறொருவருக்கு வாசித்ததையும் கேட்டார், எழுந்து அந்தப் பக்கம் போனார். அவர்கள் அண்ணனை அழைக்கும் முறையில், ‘ஏன் நானா?’ என்று கேட்டேன்.

“நீங்க வாசிச்சதுல பாதி எனக்கே வெளங்கிட்டு. எனக்கு வெளங்குற இங்கிலீசுக்குக் கச்சேரில என்ன மதிப்பு?” என்றார்.

மூன்று பட்டினி

ஒருநாள் ஆள் வராத வேளையில் கந்தையாவை மடக்க நினைத்தேன். “எல்லாம் ஏழைதானே தம்பி, எதற்கு இத்தனை சொல்?” என்றேன். அவன் தடுமாறுவான் என்ற நப்பாசை. அவனோ கோபப்படாமல் கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு விரல்விட்டு எண்ணினான். அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் கர்வம் காட்டியிருந்தால் அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

“‘நீடி’ எண்டால் இண்டைக்குச் சோறில்லை அண்ணை. ‘இண்டிஜன்ட்’ எண்டால் நாளைக்கும் இல்லை. ‘டெஸ்டிட்யூட்’ எண்டால் கேக்கிறதுக்குப் பக்கத்து வீடும் இல்லை.”

மாரியாயியின் பெட்டிசம்

மறுவாரம் அவன் சாப்பிடப் போன நேரத்தில் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். புவருக்கு உறவான எட்டுச் சொற்களை ஒற்றுத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நாற்பது வயதில், பட்டப்பகலில், சொல் திருடினேன்.

அன்று பிற்பகலே புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாரியாயி வந்தாள். தேயிலைக் கொழுந்து பறிப்பவள், இரண்டு பெண்பிள்ளைகள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். தோட்டத்து வரிசைவீடான லயத்தில் அவர்கள் இருந்த அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுக்கப்போகிறார்களாம். மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். தோட்டத்துத் துரைக்கு எழுத வேண்டும். எழுதினேன். ஒன்பது சொல்லையும் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் பிடித்தது. தாள் நிறைந்ததும் எழுந்து நின்று, கந்தையாவின் காதில் விழும்படி வாசித்தேன். அவன் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டான். அந்த வருஷத்தில் எனக்கு அதைவிட இன்பமான கணம் இல்லை. பிறகு அவளுக்காகச் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “இம்புட்டுக் கஷ்டமாங்கய்யா எனக்கு?”

சிவப்பு மை

மாசம் முடிய நாலு நாள் இருக்கையில் அவள் அதே தாளுடன் திரும்பி வந்தாள். அடியில் துரை சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார்: இவளுக்கு என்ன வேண்டும்? நான் தாளை மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் படித்தேன். லயத்து அறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் ஏழை என்று ஒன்பது விதமாகச் சொன்னவன், அறையை விட்டுவைக்கும்படி கேட்க மறந்திருந்தேன். நான் யாருக்காக எழுதினேன்? இரண்டு பிள்ளைகளோடு தெருவுக்கு வரப்போகிறவளுக்கா, மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தவனுக்கா? பதில் தெரிந்த கேள்வியைத்தான் மனிதன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறான்.

கந்தையாவிடம் போகச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வெட்கம் விடவில்லை. ஐந்து வரி எழுதினேன்: பெயர், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டு நம்பர், எந்த அறை, எத்தனை பிள்ளைகள், அறையை விட்டுவைக்க வேண்டும். தாழ்ந்த குரலில் வாசித்து, அவளுக்குத் தமிழிலும் சொன்னேன். கந்தையா வந்து தோளுக்கு மேலால் பார்த்தான்.

“இதுதான் பெட்டிசம் அண்ணை. இப்பிடி எழுத எனக்கு வரேல்லை,” என்றான்.

அவன் மனதாரச் சொன்னான் என்று இப்போது நம்புகிறேன். அன்று அது கேலி என்று முடிவுகட்டி, ஒரு மாசம் அவனோடு பேசவில்லை.

அறை கிடைத்தது

அடுத்த மாசம் மாரியாயி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அறையை அவளுக்கே விட்டுவிட்டார்களாம். என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. கந்தையாவுக்கும் கேட்கட்டும் என்று அவளிடம் உரக்க, “அந்தச் சின்னப் பெட்டிசம் வேலை செய்துவிட்டது, பார்த்தாயா?” என்றேன். அவள் சிவப்பு மை பட்ட பழைய தாள் வேண்டும் என்றாள். வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கவாம். அறையை வாங்கிக் கொடுத்தது இந்தத் தாள் இல்லையே அம்மா என்றேன்.

“தெரியுங்கய்யா. ஆனா ரெண்டாவதுல ரூமப் பத்தித்தானே இருக்கு, என்னையப் பத்தி ஒண்ணுமே இல்லையே,” என்றாள்.

ஏழைக்கு எட்டுச் சொல்லை அடுத்தவன் புத்தகத்திலிருந்து திருடிய நான், என் பொறாமைக்கு மட்டும் வெயில், தலைச்சுற்று, வயிற்றுக் கோளாறு என்று சொந்தமாகவே பெயர் வைத்துக்கொண்டு திரிந்தேன்.