கல்சாமி பரண் ஏறிய வாரம்

எங்கள் மலைக்கிராமமான பூண்டியில் யாராவது வெளியூர்க்காரர் "என்ன அமைதியான இடம்!" என்றால் எங்களுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். அப்படிச் சொன்ன ஒருவர்தான் பக்கத்துத் தோட்டத்தை வாங்கி, காட்டேஜ் கட்டி, இரும்பு கேட்டும் போட்டுவிட்டார். அதனால், யாரோ ஒரு அம்மாள் தினமும் காலையில் எங்கள் பூண்டுக் காட்டு மேட்டில் வந்து கண்ணை மூடி உட்கார ஆரம்பித்ததும் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. பயிர் வைத்துப் பிழைக்க எங்களுக்கு இருந்தது அந்த ஒரு காடுதான்.

அந்த அம்மாள் உட்கார்ந்தது எங்கள் கல்சாமிக்கு எதிரில். முழங்கால் உயரம்கூட இல்லாத கல். செருப்பைக் கழற்றி அதைக் கும்பிடாமல் அப்பா காட்டுக்குள் கால் வைக்கமாட்டார்.

"சாமி இருக்கிறத அந்தம்மா மோப்பம் பிடிச்சிருச்சு. இன்னைக்குக் கண்ண மூடும், நாளைக்கு ஆசிரமம்னு போர்டு மாட்டும்," என்றார். "ஏ பிள்ள, லீவுதான? என்ன செய்யிதுன்னு பாத்துக்கிட்டே இரு."

ஒன்பது வயதுக்கு அதைவிட நல்ல உத்தியோகம் கிடைக்குமா? பீன்ஸ் கொடிக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்று நாள் வேவு பார்த்தேன். அந்த அம்மாள் அளக்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

நாலாம் நாள் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். சாமி இல்லாத இடத்தில் யார் உட்காரப் போகிறார்கள்? வெள்ளனே போய், கன்னத்தில் போட்டுக்கொண்டே கல்லைப் பெயர்த்துச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அடுப்புக்கு மேலே, விதைப்பூண்டைப் புகை போடும் பரணில், பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே சாமி ஏறியது.

"சாமிக்குச் சாம்பிராணி போடுவாங்க. நீங்க சாமியவே புகை போடுறீங்க," என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் வழக்கம்போல் வந்தார், வெறும் குழிக்கு எதிரே வழக்கம்போல் உட்கார்ந்தார். கல்லைத் தேடவே இல்லை. அப்பாதான் செருப்பைக் கழற்றிவிட்டு, எதைக் கும்பிடுவதென்று தெரியாமல் வரப்பிலேயே நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசியில் நேரே அந்த அம்மாளிடம் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"எடம் வாங்குற சோலியா வந்திருக்கீங்களாம்மா? நாங்க குடுக்கிறதா இல்லைங்க."

அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"வாங்க வரலைங்க. என் பையன் இறந்து ஒரு வருஷம் ஆச்சு. வீட்ல எனக்கு அழுகையே வரமாட்டேங்குது. இங்க வந்து உட்கார்ந்தாதான் வருது."

அப்பாவும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிறகு, "பிள்ள, வெரசாப் போய் அம்மாட்ட டீ வாங்கிட்டு வா," என்றார்.

போகிற வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். என்ன நடிப்பு, அப்பாவும் ஏமாந்துவிட்டாரே! அழுவதற்கு யாராவது பஸ் ஏறி மலைக்கு வருவார்களா? எனக்கெல்லாம் வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் அழுகை வந்தது. டீ டம்ளரை நீட்டும்போதும், அந்த அம்மாளின் பையில் அளக்கிற டேப் இருக்கிறதா என்றுதான் எட்டிப் பார்த்தேன்.