எடை குறைந்த குண்டு

போன சனிக்கிழமை குப்பைத் தொட்டியைத் தெருவோரம் இழுத்துக்கொண்டு போனபோது, பக்கத்து வீட்டுக்காரர் கராஜைத் திறந்துபோட்டுத் தன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழலைச் சுத்தம் செய்ய ஒரு திரவம் உண்டு. மண்ணெண்ணெயில் கனிந்த வாழைப்பழத்தை ஊறப்போட்ட மாதிரி வாசனை. தொட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "யூ ஓகே?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். கதிரின் கராஜ் எப்போதும் இப்படித்தான் மணக்கும்.

உங்களுக்குக் கதிரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கோபிச்செட்டிபாளையத்துக்காரன். நான் கடல் தாண்டி இந்த சுகர் லேண்டுக்கு வந்த புதிதில் ஆபீஸில் என் பக்கத்து இருக்கை அவனுடையது. நம்மவர்கள் வார இறுதியில் கோயில், கிரிக்கெட், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் என்று போவார்கள். அவன் மான் வேட்டைக்குப் போவான். நானோ மயிலாப்பூரில், பக்கத்து வீட்டில் லட்சுமி வெடி வைத்தாலே உள்ளே ஓடிக் காதைப் பொத்திக்கொண்டவன். என் கையில் ரைஃபிளை எப்படிப் பிடிக்கவைத்தான் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் மனைவிக்கும்தான்.

கடையில் தோட்டா வாங்குவது அவனுக்குப் பிடிக்காது. சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, அடியில் தீப்பொறி தரும் புதிய ப்ரைமரை வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, கூட்டின் வாயில் குண்டை வைத்து அழுத்தித் தானே கட்டுவான். ஹோட்டல் காபிக்கும் வீட்டுக் காபிக்கும் உள்ள வித்தியாசம் என்பான். அந்த கராஜில்தான் அவன் மனைவி சுமதியின் இரண்டாவது அடுப்பும் இருந்தது. வீட்டுக்குள் வாடை வரக்கூடாது என்று மீன் வறுக்க வைத்தது. மருந்து டப்பாவைத் திறந்திருக்கும்போது அவள் லைட்டரோடு வந்துவிடக்கூடாது என்று இவன் பதறுவான். "எனக்கு மொதல்ல எடம் குடுத்தது இங்கதானுங்க. உங்க பட்டாசக் கொண்டுபோய் பெட்ரூம்ல வெச்சுக்குங்க" என்பாள் அவள்.

ஒரு கோடையில் கதிர் சொன்னான், ரைஃபிள் இந்த வருஷம் ரொம்ப உதைக்கிறது, தோள்பட்டை வலி போகவே மாட்டேனென்கிறது என்று. வயசாகிறது என்று கேலி செய்தேன். எடை குறைந்த குண்டுக்கு மாறிவிடலாம் என்று அவனே வழி கண்டுபிடித்தான். குண்டின் எடை குறைந்தால் உதையும் குறையும். நாங்கள் வேட்டைக்குப் போகும் கெர்வில் பக்கத்து மான்கள் நம் ஊர் ஆட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியவை, அவற்றுக்கு அது போதும்.

ஆனால் அந்த ரைஃபிளுக்கு லேசான குண்டு ஒத்துவரவில்லை. அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். சனிக்கிழமைதோறும் ரிச்மண்ட் தாண்டி, பருத்திக் காட்டுக்கு நடுவே இருந்த துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போவோம். அவன் மேசையில் ரைஃபிளைச் சாய்த்துச் சுடுவான். நான் தொலைநோக்கியில் பார்த்து எங்கே பட்டது என்று சொல்வேன். காகிதத்தில் கைப்பிடிக் கடுகை விசிறிய மாதிரி ஓட்டைகள். மருந்தை மாற்றினோம். வேறு கம்பெனிக் குண்டு வாங்கினோம். குண்டைக் கூட்டுக்குள் ஒரு மயிரிழை இறக்கியும் ஏற்றியும் பார்த்தோம். குறிபார்க்கும் ஸ்கோப்பின் திருகாணிகளைக் கழற்றி மாட்டினோம். ஒரு வாரம் ஓட்டைகள் நெருங்கி வரும், அடுத்த வாரம் சிதறும். ஆபீஸிலும் இதே பேச்சு. மதியச் சாப்பாட்டில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே குண்டின் வேகத்தை அலசும் இரண்டு தமிழர்களைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. கராஜில் ப்ரைமர்கள் அவன் விரலிலிருந்து நழுவி உருண்டன. சுமதி துடைப்பத்தோடு குனிந்து தேடித் தருவாள், திட்டிக்கொண்டே.

மழை முடிந்த ஒரு காலை. ரேஞ்சில் எங்களைத் தவிர அதிகம் பேர் இல்லை. இரண்டு சுற்று சுட்டுவிட்டுக் கதிர் எழுந்துகொண்டான். கண்ணைக் கட்டுகிறது, நீ சுடு என்றான். நான் சுமாராகச் சுடுகிறவன், அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். அவன் கட்டிய அதே தோட்டாக்களை அவன் சுட்ட அதே ரைஃபிளில் போட்டுச் சுட்டேன். தொலைநோக்கியில் கண் வைத்திருந்தவன் அதை விட்டுவிட்டுக் காகிதத்தை நோக்கி நடந்தான். நானும் எழுந்து போய்ப் பார்த்தால், ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு குவார்ட்டர் நாணயத்தால் அத்தனையையும் மூடிவிடலாம். நான் குதித்தேன், நிஜமாகவே குதித்தேன்.

கதிர் விரலால் அந்தக் கிழிசலைத் தடவினான்.

"தோட்டா சரியாத்தான்டா இருக்கு" என்றான்.

பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். நானும் அப்போதுதான் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை இறங்கிக் குழிவிழுந்திருந்தது. திரும்பும்போது சாவியை என்னிடம் நீட்டினான். "நீ டிரைவ் பண்ணு." அவன் டிரக்கை அதுவரை யாரையும் தொடவிட்டதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைகள் நடந்தன. தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல மெல்லச் சாகிற நோய், குணப்படுத்த வழியில்லை என்றார்கள். சுமதி ஃபோன் செய்து வரச் சொன்னாள். போனபோது கராஜில் அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "அவுரு இன்னும் தோட்டாவப் பத்தியேதான் பேசறாருங்ண்ணா. டாக்டர் சொன்னத ஒண்ணுமே பேச மாட்டேங்கறாரு" என்றாள். நானும் உள்ளே போய் அவனோடு தோட்டாவைப் பற்றித்தான் பேசினேன்.

அந்த நவம்பரில் வேட்டைக்குப் போயே தீருவேன் என்றான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத் தோட்டாக்களை நான் கட்டினேன். விடிகிற நேரத்தில் மறைவுக் குடிலில் ரைஃபிளை மணல் மூட்டைமேல் வைத்துக்கொடுத்தேன். கொம்புள்ள மான் ஒன்று ஓக் மரத்தடிக்கு வந்து நின்றது. கதிர் கன்னத்தைச் சாய்த்தான். இடது கையால் வலது சுட்டுவிரலை எடுத்து விசைமேல் வைத்தான். நான் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். சத்தமே இல்லை. மான் மேய்ந்துகொண்டே இருந்தது.

"வெரலு வர மாட்டேங்குதுடா" என்றான் மெதுவாக. "நீ அடி."

நான் அடித்தேன். நின்ற இடத்திலேயே விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் தோளால் என் தோளை இடித்து, "நல்லாத்தான் கட்டியிருக்கோம்" என்றான்.

சுமதி அந்த மான்கறிக்குச் சின்ன வெங்காயமும் கொத்தமல்லியும் வறுத்தரைத்துக் குழம்பு வைத்தாள். அவனுக்கு அதற்குள் விழுங்கச் சிரமமாகியிருந்தது. கறியை ஒதுக்கி, குழம்பை வடிகட்டி ஸ்பூனால் கொடுத்தாள். நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு குறைவு என்றான். உப்புப் போடப் போனவள் சமையலறையிலிருந்து வெகுநேரம் வரவில்லை.

அடுத்த வருஷம் பேச்சு போயிற்று. அதற்கடுத்த வசந்தத்தில் அவனே போய்விட்டான். சுமதி கோயமுத்தூருக்கு, அண்ணன் வீட்டோடு போனாள். வீட்டை வாங்கியவர்கள் கராஜில் டிரெட்மில் போட்டிருக்கிறார்கள். ரேஞ்ச் இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள், நடுவே ஒரு டேகேர். காகிதம் மாட்டியிருந்த மண்மேட்டைச் சமப்படுத்திச் சறுக்குமரம் வைத்துவிட்டார்கள்.

கோயிலில், கடையில், பிறந்தநாள் விருந்தில் எங்கே போனாலும் எனக்கு மரியாதைதான். எல்லோருக்கும் நான் அங்கிள். என்னை 'டேய்' என்று கூப்பிட இந்த ஊரில் இப்போது யாரும் இல்லை.