கையால் எடை பார்த்து வாங்கிய லேப்டாப்

ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். இதை மறைத்ததில்லை, மறைக்க வேண்டிய நிலையில் நான் இருந்ததும் இல்லை. பதினேழு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து, ஒரு சர்தார்ஜியின் பட்டறையில் கம்பியைக் காயிலாகச் சுற்றக் கற்றுக்கொண்டு, பத்தே வருஷத்தில் லக்ஷ்மிபாய் நகருக்குப் பின்னால் சொந்தமாக ஸ்டெபிலைசர் கடை போட்டேன். கீழே கடை, மேலே வீடு. தொண்ணூறுகளில் டெல்லியில் கரண்ட் எப்படி ஏறி இறங்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மோதி பாக் குவார்ட்டர்ஸில் பாதி வீட்டு ஃபிரிஜ் என் பெட்டியை நம்பித்தான் ஓடியது. சாணக்யபுரியில் ஒரு வெளிநாட்டுக்காரர் தன் காரையே அனுப்பி என்னைக் கூட்டிப் போயிருக்கிறார். அவர் வீட்டில் இருந்தது எஞ்சினியர்கள் இரண்டு பேர் பார்த்துக் கைவிட்ட மிஷின். அரை மணி நேரத்தில் ஓட வைத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டெபிலைசருக்குள் செம்புக் கம்பி சுற்ற வேண்டும். ஏமாற்றுகிறவன் அலுமினியம் சுற்றிவிடுவான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், திறந்து பார்க்கவும் விடமாட்டான். அதனால் ஒரு கையால் தூக்கிப் பார்ப்போம். கனத்தால் செம்பு. லேசாக வந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். முப்பது வருஷத்தில் என் கை ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். என் ஒரே மகள் எம்.சி.ஏ. முடித்து நொய்டாவில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாள். பேக்டரிகளில் சரக்கு இருப்புப் பார்க்கிற சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்து, பழுதானால் சரிசெய்வது வேலை. ஆபீசில் உட்காருகிற நாள் குறைவு. லேப்டாப்பை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது கம்பெனியின் ஏற்பாடு.

நேரு பிளேஸுக்கு நானே கூட்டிப் போனேன். அவள் ஒரு தாளில் என்னென்னவோ எழுதி வைத்திருந்தாள்.

"அப்பா, ரெண்டு கிலோவுக்கு மேல வேண்டாம். பேட்டரி நாலு மணி நேரம் நிக்கணும். கீபோர்ட் நல்லா இருக்கணும். இத மட்டும் பாத்தாப் போதும்."

"அந்தத் தாள மடிச்சு வையிட்டி. சரக்கு பாக்க எனக்கே சொல்லித் தாரியா?"

கடைக்காரனை இருக்கிற மிஷினையெல்லாம் வரிசையாக வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாக ஒரு கையில் தூக்கினேன். கடைசியாக இருந்தது கையை இழுத்தது. அகலமான திரை, தடித்த உடம்பு. அதற்கு மின்சாரம் கொடுக்கிற அடாப்டரே செங்கல் கனம். இதுதான் சரக்கு என்றேன்.

"அங்கிள்ஜி, யே தோ டேபிள் பே ரக்னே வாலா ஹை" என்றான் கடைக்காரன். மேசையில் வைத்து வேலை செய்கிறவர்களுக்கான மிஷின், தூக்கி அலைகிறவர்களுக்கு ஆகாது என்று எடுத்துச் சொன்னான்.

"ஹல்கா மால் நான் நிறையப் பாத்தாச்சு, பையா" என்றேன், லேசான சரக்கெல்லாம் எனக்குத் தெரியும் என்று. அவன் சிரித்தான். மகள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை, நான் சொன்னது சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த லேப்டாப்பைப் பற்றிச் சொன்னேன். ரிடையரான அண்டர் செக்ரட்டரி ஒருவர் தன் பிள்ளைக்கு எதை வாங்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டுவிட்டுப் போனார். ஆறாம் கிளாஸ்காரனிடம்.

எட்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் வேலையை விடப்போவதாகச் சொன்னாள்.

"ஏன்?"

"புடிக்கல."

"புடிக்கலன்னா? நான் காயில் சுத்துனது புடிச்சா சுத்துனேன்? சோத்துக்குச் சுத்துனேன். உனக்கு ஏசி ரூம், உக்காந்து செய்யுத வேல. அதுலயும் புடிக்கலயா?"

அவள் இடது கையில் ஸ்பூன் வைத்துச் சாப்பிடுவதை அப்போதுதான் கவனித்தேன். என் மனைவிதான் பேசினாள்.

"அவளுக்கு வலது கைய தோளுக்கு மேல தூக்க முடியல. ரெண்டு மாசமா நான்தான் தல சீவி விடுதேன். விரல் மரத்துப் போவுதாம். தப்புத் தப்பா டைப் அடிக்கான்னு கம்பெனில ரெண்டு தடவ ஏசிட்டானுவ. அடுத்த தடவ வேலைய விட்டு நின்னுக்கன்னுட்டானுவ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஊரு பூரா அந்தப் பொட்டியோட பெருமதான் பேசுதிய. உங்ககிட்ட யாரு சொல்ல?"

தலை சீவி விடுவதை நானும் பார்த்திருக்கிறேன். தாயும் மகளும் கொஞ்சிக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை லேப்டாப் பையை நான் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினேன். வேண்டாம் என்றாள். கேட்கவில்லை. பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஆசிரமம் என்கிற ஸ்டாப்பில் இறங்கி வேறு பஸ் மாறி, நொய்டாவில் இறங்கி, அங்கிருந்து தூசிக்குள் நடை. இரும்புப் பெட்டி தூக்கியே வளர்ந்த தோள் என்னுடையது. அதற்கே பையின் வார் பள்ளம் போட்டுவிட்டது. அவள் எட்டு மாதமாக இதை வலது தோள் ஒன்றிலேயே சுமந்திருக்கிறாள்.

அன்று அவளுக்கு வேலை, கார் உதிரிப் பாகம் செய்கிற ஒரு பேக்டரியில். பை என்னிடம் இருந்ததால் வாட்ச்மேன் என்னையும் உள்ளே விட்டான். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஏசி ரூம் என்று நான் நினைத்திருந்தது, இரண்டு பேர் நிற்க இடமில்லாத ஒரு குளிர்ந்த பொந்து. கம்ப்யூட்டர் பெட்டிகளை அலமாரி போல அடுக்கியிருந்தார்கள். மேசை இல்லை, நாற்காலி இல்லை. மகள் லேப்டாப்பைத் திறந்து இடது முழங்கையை மடக்கி, குழந்தையை ஏந்துவது போல அதை ஏந்திக்கொண்டு, வலது கை விரல்களால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். சுட்டுவிரல் சொன்னபடி கேட்கவில்லை. அழித்து அழித்து அடித்தாள். பதினைந்து நிமிஷத்தில் இடது கையும் தளர்ந்து லேப்டாப் சரிய ஆரம்பித்தது.

நான் கீழே கை கொடுத்துத் தாங்கினேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வேலை முடிகிற வரையில், ஒன்றே கால் மணி நேரம், தாங்கிக்கொண்டு நின்றேன். நடுவில் பேட்டரி தீர்ந்து, ஒயரை இழுத்துச் செருகப் பிளக் தேடினாள். அந்தத் தாளில் அவள் எழுதியிருந்த ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் அந்த அறையில்தான் எனக்குப் புரிந்தது.

அன்றே டாக்டரிடம் காட்டினோம். கழுத்திலிருந்து வருகிற நரம்பு நசுங்கியிருக்கிறது, தோளில் இனி பாரம் கூடாது என்றார். முன்பே வந்திருந்தால் முழுசாகச் சரியாகியிருக்கும் என்றும் சொன்னார். மகள் வேலையை விடாமல், கம்பெனியில் கெஞ்சி இரண்டு வாரம் லீவு வாங்கினாள். அதற்குமேல் ஒரு நாளும் தரமாட்டோம் என்று எழுதியே அனுப்பினார்கள்.

லீவு முடிவதற்கு முன்னால், லேசான மிஷின் ஒன்று வாங்க மறுபடி நேரு பிளேஸ் போனோம். நான் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அவளே ஒவ்வொன்றாகத் திறந்தாள், நின்றுகொண்டே கையில் ஏந்தி அடித்துப் பார்த்தாள், திரையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒரு மணி நேரம் ஆனது. கடைக்காரன் என்னைப் பார்த்து, "அங்கிள், ஆப் போலியே நா" என்றான், நீங்களாவது சொல்லுங்கள் என்கிற மாதிரி.

"அவகிட்டயே கேளு" என்றேன்.

பன்னிரண்டு அங்குலத் திரை வைத்த சின்ன மிஷின் ஒன்றை ஒதுக்கி வைத்தாள். அதன் அடாப்டரை என்னிடம் நீட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளாக என்னிடம் பேசியது அப்போதுதான்.

"அப்பா, இது நம்ம வீட்டுக் கரண்ட்டத் தாங்குமா?"

பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். நூறு வோல்ட்டிலிருந்து இருநூற்று நாற்பது வரை எது வந்தாலும் அதுவே சமாளித்துக்கொள்ளும் என்று போட்டிருந்தது.

"தாங்கும். ஸ்டெபிலைசரே வேண்டாம்" என்றேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். அந்தக் கம்பெனியில் ஆறு வருஷம் இருந்து, தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகுதான் வேறு இடம் மாறினாள். இதில் என் பங்கு என்று சொல்லிக்கொள்ள எனக்கு எதுவும் இல்லை. அவளுடைய வலது கை இன்றைக்கும் தோளுக்கு மேல் முழுசாக எழும்புவதில்லை.