பச்சைப் பட்டு

பெங்களூரு ஆய்வகம் ஒன்றில் பாக்டீரியாவின் மரபணுவுக்கு சுவிட்ச் வைப்பது என் வேலை. ஒரு வகைச் சர்க்கரையைச் சேர்த்தால் மரபணு விழித்துக்கொள்ளும், பாக்டீரியா வளரும் தட்டு முழுக்கப் பச்சையாக ஒளிரும். சர்க்கரை தீர்ந்தால் அடங்கிவிடும். தா.பழூரில் இருந்த அக்கா மகளுக்குப் போனில் அந்தப் படங்களைக் காட்டுவேன்.

அவளுக்குத் தலசீமியா, உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத பரம்பரை நோய். அக்காவைக் கட்டியது சொந்த அத்தை மகன். இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்த ஒரே மரபணுப் பழுது பிள்ளையிடம் சேர்ந்துகொண்டது. மாதாமாதம் அரியலூருக்கு பஸ் ஏறிப்போய் ரத்தம் ஏற்ற வேண்டும். அந்த ரத்தத்தின் இரும்பு உடம்பை விட்டுப் போகாது, உள்ளுறுப்புகளில் படிந்து அவற்றைக் கெடுக்கும். அது தெரியாத அக்கா, ரத்தம் ஊறட்டும் என்று முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கடையில் கேட்டு வாங்கிய இரும்பு டானிக் என வருடக்கணக்கில் கொடுத்திருக்கிறாள். ஒரு பொங்கலுக்குப் போனபோது பாட்டிலைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். காரணத்தைச் சொன்னதும் அக்காவின் முகம் செத்துப்போனது.

“எனக்கும் ஒரு சுவிட்சு வைங்களேன் மாமா” என்றாள் பிள்ளை ஒருநாள்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வேறொரு ஹீமோகுளோபின் மரபணு வேலை செய்யும். பிறந்த சில மாதங்களில் உடம்பே அதை மூடிவிடும். அவளிடம் அது பழுதில்லாமல்தான் இருந்தது, திறந்தால் போதும். வெளிநாடுகளில் திறக்கத் தொடங்கியும் விட்டார்கள். எங்களுக்குத்தான் எட்டவில்லை. என்ன படித்து என்ன கிழித்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. “வச்சிடலாம்டி” என்றேன்.

பதினாறு ஆகியும் அவள் வயதுக்கு வரவில்லை. தலைக்குள் இருக்கும் சுரப்பியிலும் இரும்பு படிந்துவிட்டது என்றார்கள். சடங்குக்கு முதல் சீர் தாய்மாமனுடையது. “அந்தப் படத்துல இருக்குற பச்சையில எடுங்க” என்று அவள் கேட்டிருந்ததால், பட்டுப்புடவையை முன்பே எடுத்துக் கொடுத்திருந்தேன். அவ்வப்போது பீரோவிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுப் பார்ப்பாளாம்.

போன தையில், இரும்பு படிந்த அவள் இதயம் நின்றுபோனது.

சாவுக்குக் கோடித்துணி போடுவதும் தாய்மாமன்தான். ஜெயங்கொண்டத்தில் துணி எடுக்க இறங்கியபோது அக்கா போன் செய்தாள்.

“புதுசு வேணாம்டா. பீரோவுல இருக்குறதையே போட்டுடு.”

வீட்டில் பட்டைப் பிரித்து அவள் மேல் போர்த்தினேன். அக்கா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“நான் குடுத்த டானிக்காலதானாடா?”

“இல்லக்கா. ஏத்துன ரத்தத்துல இருந்த இரும்பு.”

பெரும்பாலும் அது உண்மைதான். மீதி, டானிக்கின் இரும்பு. அக்கா குனிந்து முந்தானையை எடுத்து, பிள்ளை வழக்கமாகப் போட்டுப் பார்க்கும் தோளில் சரியாகப் போட்டுவிட்டாள்.