பவுன் எழுதவைத்த ஒரு வரி

கோந்த்வா பகுதியில் பதினெட்டு வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டியவர் பவுன். ராங் சைடில் வரும் பைக்காரனை மராத்தியில் திட்டி, அதே மூச்சில் பின்சீட்டுப் பிள்ளையை இந்தியில் அதட்டுவார். ஆறு வருஷத்துக்கு முன் மார்பில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடித்து, முடி முழுசாக வளர்வதற்குள் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார்.

போன வருஷம் மழைக்காலத்தில் வலது கண் மங்கியது. கேம்ப் என்ற கடைத்தெருப் பகுதியில் ஒரு கண் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் கேட்பதற்கு முன்பே, தனக்குப் புற்றுநோய் இருந்ததைச் சொன்னார்.

"அது பழைய கதை ஆன்ட்டி. வயசாகுது, பவர் மாறியிருக்கு" என்று அவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் மறுபடி போனார். சிக்னலில் சிவப்பு வெளுத்துத் தெரிகிறது என்றார். இன்னொரு கண்ணாடி கிடைத்தது. மூன்றாம் முறை, பதற்றம் என்று மாத்திரை கொடுத்தார்கள்.

டிசம்பரில் ஒரு காலை, வலப்பக்கம் வந்த ஸ்கூட்டர் அவர் கண்ணில் படவே இல்லை. பிள்ளைகள் கத்தியதால் பிரேக் போட்டார். ஸ்கூட்டர்காரி மயிரிழையில் தப்பினாள். பவுன் வேனை அங்கேயே ஓரங்கட்டி, பெற்றோர்களுக்குப் போன் செய்து வரவழைத்தார். பிறகு வண்டியைத் தொடவே இல்லை.

புற்றுநோய் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். புற்றுநோய் பார்வை நரம்பு வரை பரவியிருந்தது. வலது கண்ணில் இனிப் பார்வை வராது. கதிர்வீச்சு கொடுத்து இடதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர்.

"மழைக்காலத்துலயே வந்திருந்தா?"

அவர் தயங்கினார். "வாய்ப்பு கூடுதலா இருந்திருக்கும்மா."

கதிர்வீச்சு முடிந்த மறுவாரமே பவுன் கேம்ப்புக்கு ஆட்டோ பிடித்தார். கணவர் ஜம்புவும் கூடவே ஏறினார்.

"வுடு பவுனு. சண்டை போட்டா கண்ணு வந்துடுமா?"

"வராதுன்னு எனக்குத் தெரியாதா? பயமா இருந்தா நீ ஆட்டோலயே குந்து."

கிளினிக்கில் முதல் நாள் ஃபைலைக் கேட்டு வாங்கி, ஜம்புவைப் படிக்கச் சொன்னார். 'முன்பு பெரிய நோய் எதுவும் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பவுன் டாக்டரை வெளியே கூப்பிட்டார்.

"உள்ள வாங்க ஆன்ட்டி, பேசலாம்" என்றார் டாக்டர்.

"இங்கயே பேசு" என்று இந்தியில் கத்தினார் பவுன். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "ஒரு மாரையே அறுத்தாங்க எனக்கு. அத உன்கிட்ட சொன்னேனா, இல்லியா?"

"சொன்ன மாதிரி ஞாபகம் இல்ல."

பவர் பரிசோதிக்கும் ரீனா அறை வாசலில் நின்றிருந்தாள். "சொன்னாங்க சார். நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள்.

'முதல் நாளே நோயாளி சொன்னார். நான் பதியவில்லை' என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை பவுன் நகரவில்லை. அந்தத் தாளோடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தார்.

அடுத்த மாதமே ரீனாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கேள்விப்பட்டதும் பவுன் இன்னும் கொதித்தார். புகாரில் அதையும் சேர்க்கச் சொன்னார். சாட்சி சொல்ல ரீனாவும் வந்தாள்.

இடது கண் இதுவரை தாக்குப்பிடிக்கிறது. விசாரணைக்கு இரண்டு முறை போய்வந்துவிட்டார், முடிவு வரவில்லை. மூன்றாம் முறை தேதி தள்ளிப்போனபோது ஜம்பு தேற்றப் பார்த்தார்.

"பொறுமையா இரு பவுனு."

"பொறுமையா இருந்துதான் ஒரு கண்ணு போச்சு" என்றார் பவுன். "கவுன்சிலுக்குப் போன் போட்டுக் குடு. நான் உயிரோட இருக்கும்போதே தீர்ப்பு சொல்லச் சொல்றேன்."