இரண்டு ஷெட்டுக்கு ஒரு கரும்பலகை

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லில், பழைய ஷெட்டுக்கும் புது ஷெட்டுக்கும் நடுவே ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. அதன் ஆணியிலிருந்து நூலில் கட்டிய ஒரே ஒரு சாக்பீஸ் தொங்கும். அவ்வளவு பெரிய மில்லில் இன்னொரு சாக்பீஸ் வாங்க வக்கில்லாமல் இல்லை, வேண்டுமென்றேதான் ஒன்று. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின்கள் இரண்டு ஷெட்டுக்கும் பொது. எந்த ஷெட்டு மேஸ்திரியும் அவற்றை நிறுத்தலாம், ஓட்டலாம். செய்ததைப் பலகையில் எழுதிவிட வேண்டும். ஒருவர் கையில் சாக்பீஸ் இருந்தால் மற்றவர் காத்து நிற்பார். பலகைக்கு அடிக்கடி நடக்க முடியாது என்பதால், அதில் இருப்பதை இருவருமே இடது உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொள்வார்கள். எழுதி முடித்தவர் எதிர் ஷெட்டைப் பார்த்துத் திரும்பி, கையை உயர்த்திக் காட்டி, தொடையில் ஒரு தேய் தேய்த்துவிட்டுப் போவார். மில் இரைச்சலில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தத் தேய்ப்பு மட்டும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

என் அக்காவின் கணவர், அத்தான், அங்கே எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர். பெங்களூரில் நல்ல வேலையை உதறிவிட்டுச் சொந்த ஊருக்கு வந்தவர். டிப்ளமா முடித்ததும் நானும் அவர் பிரிவிலேயே சேர்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் ஒன்றாகப் போவோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு நாள் பலகையைப் பார்த்தபடியே நின்றவர், என்னைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு மூளைக்கு ஒரே நெனப்பு. சண்டை வராம இருக்க ஒரே ஒரு சாக்பீஸ். அம்புட்டுத்தாண்டி விசயம்" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

அதைத்தான் அவர் மெஷினாகச் செய்ய நினைத்தார். ஷெட்டுக்கு ஒரு பிராசஸர், இரண்டுக்கும் பொதுவாக ஒரே மெமரி. ஒரே இடத்தை இரண்டும் படிக்கும், இரண்டும் எழுதும். சாக்பீஸுக்குப் பதில் ஒரு கம்பி. அந்தக் கம்பியைப் பிடித்திருக்கும் பிராசஸர் மட்டும் எழுதலாம். ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு விளக்குப் பலகை: மெஷின் ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. இது சரியாக ஓடினால் வெளிநாட்டு மெஷின் வாங்கப் போவதில்லை, இதற்கென்றே இங்கே ஒரு பிரிவு தொடங்கித் தருகிறேன் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். பெங்களூரை விட்டு வந்ததற்கு அத்தானுக்கு இருந்த ஒரே நியாயம் அதுதான். அக்கா அவரிடம் பேசிய நாளைவிட நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டி, சால்டர் வைத்த நாள்தான் அதிகம்.

அத்தானின் மெஷின் ஓடியது, ஆனால் ஆமை வேகம். எந்நேரமும் ஒரு பிராசஸர் எழுதிக்கொண்டிருக்க, மற்றது கைகட்டிக் காத்திருந்தது. அத்தான் மேஸ்திரிகளைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மெமரியைத் தனியாகக் கொடுத்தார், உள்ளங்கை மாதிரி. அடிக்கடி வேண்டியதை அதில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் பொது மெமரிக்கு ஓட வேண்டாம். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. முதலாளி வந்து பார்த்துத் தோளில் தட்டிவிட்டுப் போனார். பலகையைக் கழற்றிக் குடோனில் போட்டார்கள். மேஸ்திரிகளும் உள்ளங்கையில் எழுதுவதை விட்டார்கள்.

அந்த மதியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. புது ஷெட்டிலிருந்து நிறுத்திய ஒரு கார்டிங் மெஷினை அவர்களே மறுபடி ஓட்டினார்கள். பொது மெமரியில் அது சரியாகப் பதிந்தது. பழைய ஷெட்டின் பிராசஸரோ தன் சின்ன மெமரியில் இருந்த பழைய பிரதியையே பார்த்துக்கொண்டு சிவப்பைக் காட்டியது. மூடிக்குள் சுற்றும் முள் உருளை வெளியே தெரியாது. பழைய ஷெட்டு மேஸ்திரி சிவப்பைப் பார்த்தார், நம்பினார், சிக்கிய பஞ்சை எடுக்கக் கையை விட்டார். வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

மறுநாளே பலகையைத் தூசி தட்டி மாட்டினார்கள். அத்தான் அதன் எதிரே போய் நின்றார். புது ஷெட்டு மேஸ்திரி எழுதினார், திரும்பினார், கையை உயர்த்தித் தொடையில் தேய்த்தார். அந்தப் பக்கம் புதிதாகப் போட்டிருந்த ஆள் தன் உள்ளங்கையைப் பார்த்து, எச்சில் தொட்டு எழுத்தை அழித்துவிட்டுப் பலகையை நோக்கி நடந்து வந்தார். அத்தானின் முகம் வெளுத்துப்போயிற்று.

"சாக்பீஸ் தூசியத் தட்டுதாருன்னுல்ல நெனச்சேன். ஓங்கையில இருக்கது பழசு, அழின்னுல்ல சொல்லுதாரு."

"இன்னொரு கம்பி இழுத்துட்டாச் சரியாயிரும் அத்தான். ஒண்ணு எழுதுனா இன்னொண்ணோட பிரதி அழியுத மாதிரி" என்றேன். உண்மையில் அவ்வளவுதான் வேலை.

"வெரலு வருமாட்டி?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சால்டரைத் தொடவில்லை. வெளிநாட்டு மெஷின் வந்து இறங்கியது. எங்களுடையது குடோனில் பலகை கிடந்த அதே மூலைக்குப் போனது. விரல் போன மேஸ்திரியை மில் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். மனிதருக்கு மனதில் ஒன்றுமில்லை. எங்கள் ஊர் ஆடித் தேருக்கு வருகிறவர் எங்கள் வீட்டுக்கும் ஒரு நடை வருவார். அவர் குரல் கேட்டதும் அத்தான் பின்வாசல் வழியாக வெளியேறிவிடுவார். "சாரு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா, அவியகிட்ட சொல்லுங்க" என்று ஒவ்வொரு முறையும் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவார். அக்கா சொன்னாள், நானும் சொன்னேன். "அவரு வேற எப்படிச் சொல்லுவாரு?" என்பார் அத்தான். யார் வந்து எதைச் சொன்னாலும் அவருக்குள் அந்த மதியம்தான் இருந்தது. தொண்ணூறுகள் முடியும் முன்பே, ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது என் கைபேசிக்குள் எட்டு பிராசஸர் இருப்பதாக அதன் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது. எட்டுக்கும் ஒரே மெமரி, ஒவ்வொன்றிடமும் தனித்தனிப் பிரதி. ஒன்று எழுதினால் மற்றவை தம்மிடமுள்ள பழசை அழித்துவிடுகின்றன. யாருக்கும் அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

அத்தானைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று மேஸ்திரியும் வந்தார். அத்தனை வருஷத்தில் அத்தான் ஓடிப்போகாமல் அவர் எதிரே இருந்தது அன்றுதான். ஒப்பாரிச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. மாலையைப் போட்டுவிட்டுக் கால்மாட்டில் நின்று முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த மூன்று விரல் கையை உயர்த்திக் காட்டி, வேட்டியின் மேல் தொடையில் மெதுவாக ஒரு தேய் தேய்த்தார். அத்தானின் கண்களை அதற்கு முன்பே மூடியிருந்தார்கள்.