சேசிஸ் வளைந்த கப்பல்

வெந்நீரில் ஊறிய மரத்துக்கு ஒரு வாசனை உண்டு. மழையில் நனைந்த பென்சிலைச் சீவினால் வருமே, கிட்டத்தட்ட அது. அதோடு வெள்ளைப் பசையின் புளித்த நெடியும், அப்பாவின் வலக்கையில் அம்மா காலையும் மாலையும் தேய்த்துவிட்ட தைலத்தின் காட்டமும் சேர்ந்து, துறைமுக ஊரான கிள்ளானில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடம் ஒரு பள்ளி விடுமுறை முழுக்க நாறிக்கொண்டிருந்தது. நாறியது என்றுதான் அம்மா சொல்வார். நானோ, இன்றைக்கும் எங்காவது ஈர மரத்தின் வாசனை பட்டால் நின்று முகர்ந்துவிட்டுத்தான் போவேன்.

அப்பா டிரெய்லர் ஓட்டுநர். துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு சுங்கை வே தொழிற்சாலைகளுக்குப் போகும் நீண்ட லோரி அது. எங்கள் வீட்டில் "வண்டி" என்றால் அது ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய புதுக் காரைக்கூட நாங்கள் வண்டி என்று மதித்ததில்லை. வண்டி என்னவோ "தவுக்கே"யுடையது, அதாவது அப்பாவின் சீன முதலாளியுடையது. ஆனால் அதன் இரண்டு சாவிகளில் ஒன்று எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். வெள்ளிக்கிழமைகளில் அம்மா சாமிக்குக் காட்டுகிற சூடத்தை அந்தச் சாவிக்கும் காட்டுவார்.

அந்த ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு, பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தவர் தானும் விழுந்தார். "ஸ்ட்ரோக்" என்ற சொல் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. மருத்துவமனையிலிருந்து அவர் நடந்தேதான் திரும்பினார், பேச்சும் கொஞ்சம் குழறலோடு வந்துவிட்டது, ஆனால் வலப்பக்கம் மட்டும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுநரின் இருக்கை வலது பக்கம். இடக்கை கியருக்குப் போனால் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்திருக்க வேண்டியது வலக்கை. பிரேக்கை மிதிக்க வேண்டியது வலக்கால். தவுக்கே நல்ல மனிதர். சீனப் புத்தாண்டுப் பெருநாள் வரைக்கும் வண்டியை வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்க மாட்டேன் என்று வீட்டுக்கே வந்து சொன்னார். அதுவரைக்கும் அப்பாவின் கூட்டாளியான மணியம் அங்கிள் ஓட்டுவதாக ஏற்பாடு. பெருநாளுக்குள் கை திரும்ப வேண்டும், டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும்.

அரசாங்க மருத்துவமனையில் அவருக்குப் பயிற்சி கொடுத்த மலாய்க்கார "மிஸ்ஸி", அதாவது தாதி, ஒரு தட்டு நிறையப் பச்சைப் பயற்றைக் கொட்டி, வலக்கை விரல்களால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பையில் போடச் சொன்னார். "பெலான்-பெலான், அங்கிள்" என்று, மெதுவாகவே செய்யச் சொல்லி, பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் அம்மா அதே தட்டை நீட்டியபோது அப்பா அதைத் தள்ளிவிட்டு, "பயறு பொறுக்க நான் என்னா கோழியா?" என்றார். அதற்குப் பிறகு நாள் முழுக்க ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, இடக்கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கீழே சாலையில் போகிற லோரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்னங்க இது, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க" என்பார் அம்மா. எல்லார் வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். ஆனால் எங்கள் வீட்டுக்கு நிஜமாகவே ஒரு கப்பல் வந்து சேர்ந்தது.

அம்மா சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆண்டு இறுதி விருந்தில் அங்கே அதிர்ஷ்டக் குலுக்கல் நடக்கும். அம்மாவுக்கு ரைஸ் குக்கர் மேல் கண். விழுந்ததோ, பாய்களெல்லாம் விரித்த கப்பலின் படம் போட்ட ஒரு பெரிய பெட்டி. கம்பெனி பஸ்ஸில் அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்து, "ஷோகேஸ்" அலமாரியில் பீங்கான் யானைகளை நகர்த்தி இடம் பண்ணி, துடைத்துச் சுத்தப்படுத்திய பிறகுதான் பெட்டியைப் பிரித்தார். உள்ளே குச்சிகளும், மெல்லிய மரப்பட்டைகளும், நூல்கண்டும், சின்னச்சின்னப் பொட்டலங்களும் இருந்தன. அம்மா அடி வரைக்கும் கையை விட்டுத் துழாவினார்.

"கப்பல் எங்க? வெறும் கட்டையப் போட்டு ஏமாத்திட்டானுங்களே. நாளைக்கே கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடுறேன்."

ஜன்னலோரத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. நோயில் விழுந்ததிலிருந்து அப்பா சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டுதான் வந்தது அந்தச் சிரிப்பு, ஆனாலும் சிரிப்பு. "சரசு, இது நாமதான் கட்டணும்லா" என்றார்.

பெட்டியில் இருந்த விளக்கத் தாள் ஏதோ ஓர் ஐரோப்பிய மொழியில் இருந்தது. எழுத்தைப் பார்த்தால் இங்கிலீஷ், வாசித்தால் இங்கிலீஷ் இல்லை. படங்களை மட்டும் நம்பி இறங்கினோம். கப்பலின் உறுப்புகளுக்கு என்ன பெயர் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு முடித்திருந்த எனக்குப் பாய்மரம் ஒன்றுதான் தெரிந்திருந்தது. அதனால் அப்பா தனக்குத் தெரிந்த வண்டிப் பெயர்களை வைத்தார். கப்பலின் முதுகெலும்பாக அடியில் ஓடும் நீண்ட பலகை "சேசிஸ்" ஆனது. அதில் குறுக்கே செருகும் துண்டுகள் "விலா". மேலே ஒட்டும் பட்டைகள் "பாடி". முன்மூக்கு "பம்பர்". ஒரு பொட்டலத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு சக்கரம் இருந்தது, சுற்றிலும் கைப்பிடிகளோடு. அப்பா அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இது ஸ்டீயரிங். கடைசியில போட்டுக்கலாம்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெந்நீரில் ஊறிய பட்டையை எடுத்து, பசை தடவி, விலாக்களின் மேல் வளைத்து ஒட்டி, காயும்வரை துணிக் கிளிப்பால் கவ்விப் பிடிக்க வேண்டும். "வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் பாப்பாவுக்கு. என் பக்கம் முடிஞ்சதும் நீ ஆரம்பிக்கலாம்" என்று அப்பா பாகம் பிரித்தார். பிரித்தவர் இடக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார், அது உதவிக்கு வந்துவிடக் கூடாது என்று. முதலில் கிளிப்பின் வாயைத் திறக்கவே அவர் விரல்களுக்குப் பலமில்லை. கிளிப் நழுவித் தரையில் விழும், எடுத்துக் கொடுப்பேன், மறுபடி விழும். பயற்றைத் தள்ளிவிட்ட மனிதர் கிளிப்புக்குக் கோபித்துக்கொள்ளவில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்று பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவார். சொன்னால் அப்பா எங்கே நிறுத்திவிடுவாரோ என்ற பயம்தான்.

கை வந்தது. நிஜமாகவே வந்தது. பட்டை மேல் பட்டையாக வலப்பக்கம் மூடிக்கொண்டு வர, அப்பாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்தன. ஒருநாள் யார் உதவியும் இல்லாமல் தன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு அவர் வந்து நின்றபோது, அம்மா சாமி படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டு திரும்பவே இல்லை. எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். மாலையில் அவரோடு கீழே நடக்கப் போவது நான்தான். வலக்காலின் செருப்பு கழன்று பின்னால் தங்கிவிட்டால் அவருக்குத் தெரியாது. வெறுங்காலோடு நடந்துகொண்டே இருப்பார். நான் எடுத்துக்கொண்டு ஓடுவேன். அதை நாங்கள் இருவரும் வீட்டில் பேசியதில்லை.

சீனப் பெருநாள் நெருங்கியது. பள்ளி திறந்துவிட்டதால் மாலையில்தான் கப்பல் வேலை நடந்தது. மணியம் அங்கிள் வந்து அப்பாவின் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கை வந்துருச்சிலா அண்ணே. தெரிஞ்ச கிளினிக் ஒண்ணு இருக்கு. டாக்டர் ரொம்ப நோண்டிப் பாக்க மாட்டாரு. ஞாயித்துக்கிழம காலையில போய்ட்டு வந்துருவோம்" என்றார். "போய்ட்டு வாங்க" என்றார் அம்மாவும். இரண்டு பேரின் வேலையையும் தன் ஓவர்டைமில் சுமந்துகொண்டிருந்தவர் அவர். அவரைக் குறைசொல்ல எனக்கு நாக்கு வராது.

அந்த ஞாயிறு காலை மணியம் அங்கிள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா வெளுத்த சட்டை போட்டுத் தயாராக இருந்தார். முந்தின நாள் ஒட்டிய கடைசிப் பட்டையோடு அவருடைய பக்கம் முடிந்திருந்தது. கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கப்பலைத் தூக்கி, பின்பக்கத்தைக் கண்ணுக்கு நேராக வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீளவாட்டில் பார்த்தார். டிரெய்லரின் பின்னால் குந்தி அப்படித்தான் அவர் பார்ப்பார். பார்த்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சேசிஸ் வளைஞ்சிருச்சி."

நானும் பார்த்தேன். கப்பல் முழுவதும் வலப்பக்கமாக வில்போல வளைந்திருந்தது.

"விளையாட்டுச் சாமான்தானே அண்ணே. வாங்க, லேட்டாவுது" என்று மணியம் அங்கிள் எழுந்தார். அப்பா எழவில்லை.

"சேசிஸ் வளைஞ்ச வண்டிய ரோட்டுல விட்டா என்னா ஆவும், மணியம்?"

மணியம் அங்கிளும் ஓட்டுநர்தான். அவருக்குத் தெரியாததா? அப்பாவே சொன்னார். "முன்னுக்கு ஓட்டுறவன் நேராத்தான் போறோம்னு நெனச்சிக்கிட்டு இருப்பான். பின்னுக்கு அது அடுத்த லேன்ல வந்துக்கிட்டு இருக்கும். மோட்டார் சைக்கிள்ல புள்ளைய வச்சிக்கிட்டுப் போறவன் என்னா செய்வான்?"

"கைதான் சரியாப் போச்சே. பட்டன்கூடப் போடுறீங்க" என்றார் அம்மா.

"பட்டன் போடுற கை வேற சரசு. பிரேக் போடுற கால் வேற." என் பக்கம் திரும்பினார். "பாப்பா, அந்தச் சாவிய எடுத்துட்டு வா."

நாற்காலியைப் போட்டு ஏறிச் சாவியை எடுத்து வந்தேன். அதை வலக்கையில் வாங்கி, மணியம் அங்கிளின் உள்ளங்கையில் வைத்தார். அப்பாவின் மூடிய விரல்கள் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மணியம் அங்கிள் அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மரச்சாமான் கோணிக்கொண்டதற்காக யாராவது வண்டியைக் கொடுப்பார்களா? இனி விடுமுறையில் அந்த உயரமான இருக்கையில் ஏறி உட்கார்ந்து போர்ட்டுக்குப் போக முடியாது என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. அவர் பேசியது கப்பலைப் பற்றி அல்ல என்பது விளங்க நான் வளர வேண்டியிருந்தது.

"அப்போ இதத் தூக்கிப் போட்ருவமா?" என்று கேட்டேன். வெடுக்கென்றுதான் கேட்டேன்.

"ஏன்? உன் பக்கம் பாக்கி இருக்குல்ல. கடல்ல லேன் கெடையாது பாப்பா" என்றார்.

அதன்படி என் பக்கத்தை நான் மூடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா, தொழிற்சாலையில் தலைமுடி போன்ற கம்பிகளைப் பார்த்துப் பழகிய கண்ணால், பாய்மரங்களுக்கு நூல் கட்டிக் கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு அப்பா சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னச் சக்கரத்தை எடுத்தார். பெட்டியின் மேலிருந்த படத்தில் அது கப்பலின் பின்பகுதியில், சரியாக நடுவில் இருந்தது. அப்பா பசை தொட்டு அதை முன்னால், வலது ஓரத்தில் வைத்தார்.

"அப்பா, படத்துல பின்னுக்கு, நடுவுல இருக்கு."

"பின்னுக்கு உக்காந்துக்கிட்டு எவன் ஓட்டுவான்? ரோடு எப்படித் தெரியும்?" என்று சொல்லி, பசை காயும்வரை வலக்கைக் கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்திருந்தார்.

அப்பா அதற்குப் பிறகு எதையும் ஓட்டவில்லை. வீட்டில் சமைத்தார், பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் "ஜாகா" வேலை பார்த்து வாசலைக் காத்தார். நான் கார் வாங்கியபோது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலக்கால் தரையை மிதிக்கும், அங்கே இல்லாத பிரேக்கை. "மெதுவா" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது அவர் இல்லை, அம்மாவும் இல்லை. தவுக்கேயின் வண்டிகள் நின்ற இடத்தில் கண்ணாடி போட்ட அடுக்குமாடிகள் நிற்கின்றன. அம்மாவின் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கம்பெனி பஸ்ஸுக்காக விடியலில் வரிசையாக நின்ற பெண்களையும் காணவில்லை. கப்பல் மட்டும் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. போன மாதம் என் மகனின் நண்பன் ஒருவன் வந்திருந்தான். இந்த மாதிரிக் கப்பல்களைக் கட்டுவதில் கைதேர்ந்தவன். பட்டைகளை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டியிருக்க வேண்டும், ஒரே பக்கமாக ஒட்டினால் இப்படித்தான் இழுத்துக்கொள்ளும் என்று அவன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. நல்ல பிள்ளை. உதவி செய்ய வேண்டும் என்றுதான் கையை நீட்டினான்.

"பாடிய இனிமே ஒண்ணும் செய்ய முடியாது ஆன்டி. ஆனா இந்த வீல் எடம் மாறி இருக்கு. ரெண்டு நிமிஷத்துல கழட்டிப் பின்னால வச்சிரலாம்."

"அதத் தொடாதய்யா," என்றேன். "அங்கதான் எங்கப்பா உக்காந்திருக்காரு."